சியாட்டில்: தலைவரியா, சம்பள வரியா?

2018 மே மாதம் சியாட்டில் நகர மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய தலைவரி, ஆண்டு வருவாய் 2 கோடி டாலரைத் தாண்டும் நிறுவனங்களிடம் ஊழியர் ஒருவருக்கு 275 டாலர் கேட்டது. அமேசான் உள்ளிட்டவை எதிர்க்கவே, ஒரு மாதத்திற்குள் அதே மன்றம் அதை நீக்கியது. குறைந்த லாபத்தில் பலரை வேலைக்கு வைக்கும் மளிகைக் கடைத் தொடரும் மென்பொருள் நிறுவனமும் தலைக்கு ஒரே தொகை கட்ட நேர்ந்திருக்கும். 2014-இல் 15 டாலர் குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கிய மன்றம், அக்கூலியாளரை வைத்திருப்பதற்கே வரி கேட்டது முரண்தான்.

2020 ஜூலையில் வந்த சம்பள வரியில் அந்த முரண் இல்லை: சம்பளச் செலவு 70 லட்சம் டாலரை எட்டும் நிறுவனங்கள், ஆண்டுக்கு 1,50,000 டாலரும் அதற்கு மேலும் பெறுவோரின் ஊதியத்துக்கு மட்டும் 0.7 முதல் 2.4 விழுக்காடு வரை செலுத்த வேண்டும் என்று அப்போது விதிக்கப்பட்டது. ஆனால் அவ்வேலைகள் பக்கத்து நகரமான பெல்வியூவுக்கு நகர்ந்தால் சியாட்டிலின் வரி வருவாயில் பள்ளம் விழும்.