அருவிக்குக் கூட்டிப்போன நாளும் பயிற்சி நாளாம்: தங்கிப் பயிலப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படியுங்கள்

8 வாரம் தங்கி கிக்பாக்ஸிங் கற்றுக்கொள்ளப் போனேன். நான்காவது வாரக் கடைசியில் கணுக்காலில் கட்டோடு அறையில் படுத்திருந்தேன். இதே மாதிரி கிளம்பத் தயாராகும் யாராவது ஒருவர் தப்பித்தால்கூடப் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

வாரம் ஆறு நாள், காலை மாலை இரண்டு வேளையும் பயிற்சி. ஞாயிறு ஓய்வு, விருப்பம் இருந்தால் அன்று சுற்றிப்பார்க்க அவர்களே அழைத்துப்போவார்கள். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். தனியாகப் போகும் எனக்கு இது பெரிய வசதியாகப் பட்டது. மொத்தப் பணத்தையும் முன்பே கட்டிவிட்டேன், பாதி கார்டில், பாதி ரொக்கமாக.

முதல் வாரம் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதையையும் குத்தையும் வாங்கும் மெத்தையான பேட்டைப் பிடித்த கோச், இடுப்பைத் திருப்பாமல் காலை மட்டும் நான் வீசுவதை முதல் நாளே கண்டுபிடித்துத் திருத்தினார். இரண்டாவது வாரம் புதன் இரவு, "நாளைக்கு எல்லாரும் அருவிக்குப் போறோம், கிளாஸ் இல்லை" என்றார்கள். அடுத்த வாரம் அப்படி மூன்று நாள். கோச் தன் போட்டி வீரர்களோடு வெளியூர் போகும்போதெல்லாம் எங்களுக்குச் சுற்றுலா என்பது அப்புறம்தான் புரிந்தது. அவருக்குப் பதில் ஆள் கிடையாது. நான் வரவில்லை என்றாலும் பயிற்சிக்கூடம் பூட்டித்தான் இருக்கும். வண்டிக்கும் நுழைவுச் சீட்டுக்கும் தனிப் பணம். போதாததற்கு, அந்த நாட்களையும் பயிற்சி நாட்களாகவே எழுதிக்கொண்டார்கள். நான்கு வாரத்தில் 48 வேளை கிடைத்திருக்க வேண்டும். என் குறிப்பேட்டுக் கணக்கில் 29தான்.

பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், உடம்பைப் பற்றிக் கவலையே படாததைத்தான் பொறுக்க முடியவில்லை. நான்காவது சனிக்கிழமை முழுநாள் மலையேற்றம். ஏறுவதைவிட இறங்குவதுதான் தொடைத் தசைகளைப் பதம்பார்க்கும். அந்த வலி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். திரும்பி வந்தபோது இரவு 1 மணி. விட்டுப்போன வகுப்பை ஈடுகட்டுகிறோம் என்று ஞாயிறு காலை 6 மணிக்கே ஸ்பாரிங், அதாவது எதிராளியோடு பயிற்சிச் சண்டை, வைத்தார்கள். கால் கனக்கிறது, இன்று பேட் மட்டும் அடிக்கிறேன் என்று கேட்டேன். "ரெண்டு ரவுண்டுதான்" என்று இறக்கிவிட்டார்கள். உதையைத் தடுக்கக் காலைத் தூக்கியது தாமதமாகி, நிலை தடுமாறி, கணுக்கால் மடங்கியது. தசைநார் கிழிசல், மூன்று வாரம் பயிற்சி கூடாது என்றார் மருத்துவர். பயணக் காப்பீட்டில் சண்டைப் பயிற்சிக் காயங்களுக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு வரி இருந்ததை அன்றுதான் படித்தேன். பல காப்பீடுகளில் அந்த வரி உண்டு, கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

மீதிப் பணத்தைக் கேட்டதற்கு, "நிகழ்ச்சிகள் மாறலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று படிவத்தைக் காட்டினார்கள்.

மிச்சமிருந்த கடைசி வாரம் வேறொரு சிறிய கூடத்தில் சேர்ந்தேன், வாராவாரம் பணம் கட்டும் இடம். அங்கே சனிக்கிழமை காலை வகுப்பு முடிந்தால் ஞாயிறு இரவு வரை நம் நேரம், எங்கே போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. திங்கள் காலை நுட்பங்கள் மட்டும், மெதுவாக. ஸ்பாரிங் புதனுக்கு முன் கிடையாது. ஊர் சுற்றலையும் பயிற்சியையும் சேர்த்து வைக்க இந்த அளவு யோசனை போதும்.

முன்பதிவுக்கு முன் எழுத்தில் பதில் வாங்குங்கள்: கோச் இல்லாத நாளில் யார் நடத்துவார், வெளியே வராதவருக்குக் கூடம் திறந்திருக்குமா, ஸ்பாரிங் எந்தக் கிழமை, தவறிய வகுப்புக்குப் பணம் திரும்புமா. "வந்து பேசிக்கலாம்" என்றால் அங்கே போகாதீர்கள். கடலில் இறங்கும் ஆசை இருந்தால் தோல் உரிந்த காயங்கள் ஆறிய பிறகு போங்கள். ஸ்கூபா டைவிங்கைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பலமுறை மூழ்கியிருந்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கார்டில் கட்டிய பாதிக்கு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். குறிப்பேட்டில் தேதி வாரியாக எழுதியிருந்த பக்கங்களைத்தான் ஆதாரமாகக் கேட்டு வாங்கினார்கள். ரொக்கமாகக் கொடுத்த பாதிக்கு என்னிடம் ரசீதுகூட இல்லை.