ஆப்பிரிக்கன் சிக்லிட்: சண்டைக்கார மீன்களை ஒரே தொட்டியில் நெடுநாள் வைத்திருக்க

எம்புனா என்பவை ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறைகளிடையே வாழும் சிக்லிட் மீன்கள். குஞ்சுகளாக விட்டால் முதல் சில மாதம் சாதுவாகத் திரியும். ஆண்களுக்கு நிறம் ஏறி, ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தொட்டியின் நிஜ நிலை தெரியும். அதையும் தாண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும் தொட்டிகளில் பெரும்பாலும் மீன் நெரிசலாகத்தான் இருக்கும்.

4 அடி நீளம், 200 லிட்டருக்குமேல் உள்ள தொட்டியில் ஆறேழு மீன் மட்டும் விட்டால், வலுத்த ஆண் ஒரே மீனைக் குறிவைத்துச் சாகும்வரை துரத்தும். 18, 20 இருந்தால் அந்த அடி பல மீன்களுக்குப் பங்காகிவிடும். வகைக்கு ஓர் ஆண், 3 அல்லது 4 பெண் போதும். முதல் தொட்டிக்கு எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் எம்புனா வகை நல்ல தேர்வு. ஆராட்டஸ், கென்யி என்ற வகைகள் குஞ்சில் கொள்ளை அழகு. ஆனாலும் வளர்ந்தால் பெரும் முரடுகள், இந்த அளவுத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

நெரிசலைத் தாங்குவது ஃபில்டர். மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 8 முதல் 10 மடங்கு தண்ணீர் சுழல வேண்டும். வாரம் 40 சதவீதம் குளோரின் நீக்கிய தண்ணீர் மாற்ற வேண்டும். இந்த மீன்களுக்குத் தேவையான பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை அளவு) 7.8 முதல் 8.6. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கு, பி.எச். 7-ல் இருப்பதைவிட 8-ல் ஏறத்தாழ 10 மடங்கு. தண்ணீர் மாற்றுவதில் மற்ற மீன்கள் பொறுத்துக்கொள்ளும் சோம்பல் இங்கே உயிரை எடுக்கும். தண்ணீர் மென்மையாக (தாது உப்பு குறைவாக) இருந்தால் ஃபில்டருக்குள் பவளச் சில்லு ஒரு பை வையுங்கள்.

கற்களை மணல்மேல் அடுக்காதீர்கள். இந்த மீன்கள் ஓயாமல் மணலைத் தோண்டும். அடிமணல் நகர்ந்தால் குவியல் சரிந்து கண்ணாடி உடையும். முதலில் அடிக்கண்ணாடிமேல் கல், பிறகு மணல். ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி குவியல்கள் பார்வையை மறைக்க வேண்டும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வழி இருக்கட்டும். ஒரே வழி என்றால் ஒளிந்த மீன் உள்ளேயே மாட்டி அடிபடும்.

புது மீனை ஒற்றையாக விடக்கூடாது. கற்களை இடம் மாற்றி, விளக்கை அணைத்து, நாலைந்தாகச் சேர்த்து விட்டால் பழைய எல்லைகள் குலைந்திருக்கும். அதன்பிறகும் ஹீட்டருக்குப் பின்னால், மேல்மூலையில் துடுப்பு கிழிந்து ஒண்டி நிற்கும் மீனை அன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். காத்திருந்தால் காலையில் பிணம்தான்.

எம்புனாக்கள் பெரும்பாலும் பாறைப் பாசி மேய்பவை. ஸ்பைருலினா என்ற பாசி கலந்த தீவனத்தைச் சிறிது சிறிதாக, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போடுங்கள். இரத்தப்புழு, மாட்டு இதயம் போன்ற மாமிச உணவும் அளவுமீறிய தீனியும் வயிறு ஊதும் மலாவி ப்ளோட் நோய்க்கு வழி. தீனியை வாயில் எடுத்துத் துப்புவதும் வெள்ளை நூல்போல் கழிப்பதும் அதன் தொடக்கம். மெட்ரோனிடசோல் மருந்து அந்தக் கட்டத்தில்தான் பலன் தரும். வயிறு ஊதியபின் பெரும்பாலும் பிழைப்பதில்லை.