புள்ளைங்க பல்லு சந்து: எதை விட்டுடலாம், எதைக் காபந்து பண்ணணும்

ரெண்டு வருஷம் முன்னாடி என் பொண்ணுக்கு எட்டு வயசு, மேல் முன்பல்லு ரெண்டும் விசிறி மாதிரி விரிஞ்சு நடுவுல சந்து. பையனுக்கு ஆறு, கீழ முதல் கடவாய்ப் பால்பல்லு சொத்தை. வீட்டுல எல்லாரும் அவ சந்தைப் பார்த்துதான் பதறுனாங்க, "பொம்பளப் புள்ள, இப்பவே க்ளிப்பு போட்டுடு"ன்னு எங்க அத்தை, பையனுக்கு மட்டும் "பால்பல்லுதானே, எப்படியும் விழப்போவுது, புடுங்கிப் போடு". இது அப்படியே தலைகீழ்ங்க.

முதல்ல முன்பல்லு. க்ளிப்பா, காத்திருக்கிறதா? நான் காத்திருக்கிற பக்கம்தான். பால்பல்லுங்க நடுவுல சந்து இருக்கிறது நல்லது, ஏன்னா மேல வர்ற நாலு நிரந்தர முன்பல்லுக்கும் சேர்த்து பால்பல்லை விட கிட்டத்தட்ட 7 மி.மீ. இடம் கூட வேணும். நாலு வயசுல முத்து கோத்த மாதிரி நெருக்கமா இருக்கிற பல்லுதான் பின்னாடி இடிச்சுக்கிட்டு முளைக்கும். 7 வயசுல இருந்து 12 வரைக்கும் இன்னொன்னும் நடக்குது, எலும்புக்குள்ள இருக்கிற கோரைப்பல்லு இறங்கி வர்ற வழியில பக்கத்துப் பல்லோட வேரைத் தள்ளுது, அதனால பல்லு நுனி வெளிப்பக்கமா விரியுது. கோரைப்பல்லு வெளிய வந்ததும் 2 மி.மீ. வரைக்குமான சந்து பெரும்பாலும் தானா மூடிக்கும். அதுக்கு முன்னாடி க்ளிப்பு போட்டு இழுத்தா வேரு நேரா அந்தக் கோரைப்பல்லு பாதையில போய் நிக்கலாம், வேருக்கே சேதம்.

அதுக்காக கண்ணை மூடிட்டு இருக்கக் கூடாது. புள்ள விரல் சப்புனா டாக்டர்கிட்ட காட்டுங்க, சந்து பெருசா இருந்தா ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க, உள்ள எக்ஸ்ட்ரா பல்லு ஒளிஞ்சிருக்கலாம். தயவுசெஞ்சு வீட்டுல ரப்பர் பேண்டு மட்டும் மாட்டிடாதீங்க, அது ஈறுக்குள்ள ஏறி எலும்பை அரிச்சு நல்ல பல்லையே ஆட்டம் காண வச்சிடும்.

இப்ப கடவாய்ப் பல்லு, இங்கதான் அவசரம். புடுங்கிட்டு அப்படியே விட்டா செலவு கம்மி, வலியும் அன்னிக்கே போயிடும், ஆனா ஆறு வயசுல பின்னாடி முளைக்கிற நிரந்தரக் கடவாய்ப்பல்லு முன்னாடி தள்ளும், காலி இடம் சுருங்கும், அதுவும் முதல் ஆறு மாசத்துலதான் அதிகம். ரெண்டாவது கடவாய்ப் பால்பல்லு போனா இன்னும் மோசம். அடியில இருக்கிற நிரந்தரப் பல்லு வர்றதுக்கு 10, 12 வயசு ஆகும், அதுக்குள்ள அதோட இடம் போயிருக்கும்.

நரம்புக்கு வைத்தியம் பண்ணி ஸ்டீல் கேப் போடறதுதான் என் கணக்குல முதல் இடம், சொந்தப் பல்லை விட நல்லா இடத்தைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்ல. எங்க பையனுக்கு அது முடியல, சீழ் வச்சு வேரே கரைஞ்சிருந்துச்சு. அதனால புடுங்கிட்டு ஸ்பேஸ் மெயின்டெய்னர், அதாவது போன பல்லோட இடம் சுருங்காம பிடிச்சு வைக்கிற கருவி. இதுலயும் ரெண்டு வகை, கழட்டி மாட்டுற பிளேட்டு நிறைய பல்லு போன புள்ளைங்களுக்கு சரி, ஆனா சாப்பிடும்போது கழட்டி டிஷ்யூல சுத்தி வச்சு அப்படியே குப்பைக்குப் போயிடும். நாங்க ஒட்டுற வகை எடுத்தோம். மாவு மாதிரி ஒண்ணை வாயில வச்சு அச்சு எடுத்தாங்க, அடுத்த தடவை போனப்ப பின்பல்லுல ஒரு ஸ்டீல் வளையம், அதுல இருந்து முன்பக்கத்துப் பல்லு வரைக்கும் கம்பி வளைவு, சிமெண்ட்டு வச்சு ஒட்டிட்டாங்க. முதல் ரெண்டு நாள் நாக்கால அதையே தடவிட்டு இருந்தான். கடலை மிட்டாய் கட், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப், ஒரு தடவை சிமெண்ட்டு விட்டுப்போய் திரும்ப ஒட்டுனோம், அவ்வளவுதான் தொல்லை.

பொண்ணுக்கு இப்ப பத்து. மேல் உதட்டைத் தூக்கிட்டு ஈறைத் தடவுனா ரெண்டு பக்கமும் கோரைப்பல்லு மேடா கைக்குத் தட்டுப்படுது.