கோடைக்கு ஒரு காது, சாரலுக்கு ஒரு காது

விபத்தில் வலது காது போனதிலிருந்து சிலிகான் காதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். செங்கோட்டையில் கடை, சரக்கு விஷயமாக ஆரியங்காவு, புனலூர் என்று அடிக்கடி மலை தாண்டுகிற பிழைப்பு. வடிவத்தில் குறையே இல்லை, பாடெல்லாம் நிறத்தில்தான்.

இதைச் செய்வது பல் மருத்துவக் கல்லூரிகளில், பல்செட் கட்டுகிற பிராஸ்தோடாண்டிக்ஸ் பிரிவில். காதுக்குப் பல் டாக்டரா என்று வீட்டில் சிரித்தார்கள்.

சிலிகான் இறுகுவதற்கு முன்பே நிறமி கலந்து, அச்சுக்குள் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். மடலின் விளிம்புக்குச் சிவப்பு கூடுதல், குழிக்குள் பழுப்பு. நரம்போட்டம் தெரிய சிவப்பு ரேயான் நார்த்தூள் தூவுவார்கள். இறுகியபின் மேற்பூச்சு. இதில் வெள்ளை நிறமி கொஞ்சம் கூடினாலும் போச்சு. முதுகில் வெயில் விழ நின்றால் நிஜக் காது செக்கச் சிவந்து ஒளிரும். என் முதல் காது சுண்ணாம்புக் கட்டி மாதிரி மந்தமாக இருந்தது.

அந்தக் காது டியூப்லைட்டில் அச்சு அசலாகத்தான் இருந்தது. வாசலுக்கு வந்ததும் சாம்பல் பூத்துவிட்டது. தோலுக்கு நிறம் தருவது மெலனினும் ரத்தமும்; சிலிகானுக்கு இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இவை இன்னொன்றில் பிரிந்து நிற்கும். அடுத்த காதைச் செய்த மலையாளத் தம்பி, "சேட்டா, புறத்தேக்கு வரூ" என்று வராந்தாவுக்கு இழுத்துப்போய்ப் பூச்சை முடித்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு 1918-ல் பாரிஸில் செப்பு முகமூடி செய்த சிற்பி அன்னா கோல்மன் லாட் பட்டறையிலும் இதே தலைவலிதான். முகத்தில் மாட்டியபடியே வண்ணம் தீட்டி, வெயிலுக்கும் மூட்டத்துக்கும் நடுவான நிறத்தைப் பிடித்தார்களாம்.

எங்கள் ஊருக்கு நடுவான நிறம் சரிப்படவில்லை. சித்திரை வெயிலில் நான் கறுத்துவிடுவேன், ஆனி, ஆடிச் சாரலில் தெளிந்துவிடுவேன். சிலிகான் இருந்தபடி இருக்கும். முதலில் கண்டுபிடித்தவர் முடிவெட்டுகிறவர்: "அண்ணாச்சி, ஒரு காது மட்டும் வெளுத்திருக்கே?" அதனால் இப்போது ஒரே அச்சில் இரண்டு காது, கோடைக்கு அடர்த்தியாக ஒன்று, சாரலுக்கு வெளிறலாக ஒன்று. செலவுதான், ஆனாலும் வாங்கியதில் இதுதான் உருப்படி.

எப்படியும் ஒன்றிரண்டு வருடத்தில் நிறம் மங்கிவிடும். வெயில் பாதி கெடுக்கிறது, தேங்காய் எண்ணெய் மீதி. எண்ணெய் பட்டால் பசையும் பிடிக்காது. இரவில் கழற்றி, மென்மையான சோப்பில் கழுவி, வெயில் படாத டப்பாவில் வைக்கிறேன். பசையை உரிக்கும்போது ஓரம் கிழிவது தனி எரிச்சல். எலும்பில் டைட்டானியம் திருகு வைத்துக்கொண்டால் பசையே வேண்டாம். எனக்கு இன்னொரு ஆபரேஷனுக்குத் தெம்பில்லை.

புதிதாகச் செய்யப் போகிறவர்கள், எந்த நிறமி எவ்வளவு கலந்தார்கள் என்பதை மறக்காமல் எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த முறை அங்கே வேறு ஆள் இருப்பார்.