காதை விட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்ட ஹெட்போன்: சைக்கிளில் இரண்டு வருட அனுபவம்

தள்ளுபடியில் விலை இறங்கினாலும் இறங்கியது, சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள், எலும்பு வழியே சத்தம் கேட்கவைக்கும் அந்த போன் (bone) கண்டக்‌ஷன் ஹெட்போன் வாங்கலாமா, ஓட்டும்போது போடலாமா என்று. என்னுடையது போன வாரம்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து திரும்பி வந்தது. அதனால் அதன் மேல் உள்ள கோபமும் ஆறவில்லை, அது இல்லாமல் ஓட்டிய வாரங்களும் நன்றாக நினைவிருக்கின்றன. பேட்டரி எத்தனை மணி நேரம், எடை எத்தனை கிராம் என்பதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுக்குள் எதுவும் போகாது. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் உட்கார்ந்து, அதிர்வை எலும்பு வழியாக உள்காதுக்கு அனுப்பும். சென்னைப் புழுக்கத்தில் சிலிக்கான் மொட்டு வைத்த இயர்போனைப் போட்டு ஒரு மணி நேரம் மிதித்தவர்களுக்குக் காதுக்குள் வியர்வை தேங்கி வரும் அரிப்பு தெரியும், அந்தத் தொல்லை இதில் கிடையவே கிடையாது. விடியற்காலையில் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) முட்டுக்காடு போகும்போது, பேச்சு கேட்க இதை மிஞ்ச எதுவும் இல்லை. பேச்சும் கேட்கும், பின்னால் பஸ் கியர் மாற்றுவதும் கேட்கும், தெருநாய் எந்தப் பக்கத்திலிருந்து குரைக்கிறது என்பதும் தெரியும். பாட்டு என்றால் பாதிதான். நாதஸ்வரம் கணீரென்று வரும், தவில் மட்டும் வராது, அது அடிக்கும் இடத்தில் கன்னத்தில் ஒரு கூச்சம்தான் இருக்கும். எனக்கு அது பெரிய குறையில்லை. செய்யூர்ப் பக்கம் ஊர்ச்சாலைகளில் புகுந்து போகிற நாட்களில், போனை எடுத்துப் பார்க்காமலேயே "இடது பக்கம் திரும்பவும்" என்று கன்னத்தில் வந்து சொல்வது அருமையான வசதி.

இத்தனையும் சொன்ன பிறகு, என்னை இந்த இரண்டு வருடமும் எரிச்சல்படுத்திக்கொண்டே இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு பக்கத்தையும் இணைத்துப் பிடரியைச் சுற்றிப் போகும் அந்த பேண்ட் (பட்டை).

நடக்கும்போது அது இருப்பதே தெரியாது. டிராப் பார் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார்) வைத்த ரோட் பைக்கில் குனிந்து உட்கார்ந்து சாலையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால், பேண்ட் போய்ச் சட்டைக் காலரிலோ முதுகுப்பையிலோ முட்டுகிறது, கொஞ்சம் மேலே தூக்கினால் ஹெல்மெட்டை இறுக்கும் டயலில் இடிக்கிறது. அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாம் இடது ஓரமாக ஓட்டுகிறவர்கள், நின்றிருக்கும் ஷேர் ஆட்டோவையோ மணல் குவியலையோ தாண்ட வலப்பக்கம் எடுக்கும் முன் வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தே ஆக வேண்டும். அந்த நேரம் பார்த்து பேண்ட் தோளில் தட்டி, ஒரு பக்கத் துண்டு கன்னத்தை விட்டு எழும்பிவிடுகிறது. சத்தம் போகும், அல்லது துண்டு மூக்குக்கண்ணாடிக் கம்பியின் மேல் ஏறி உட்காரும். கை தானாக ஹேண்டில்பாரை விட்டுக் கன்னத்துக்குப் போகும். இதில் உண்மையிலேயே பயமாக இருப்பது என்னவென்றால், நாள் ஆக ஆகக் கழுத்து இதற்குப் பழகிவிடுகிறது. முழுசாகத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் பாதி திரும்பி, மீதியைக் காதை நம்பி விட்டுவிடச் சொல்கிறது. ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வாரங்களில் தலை எவ்வளவு தாராளமாகத் திரும்பியது என்று கவனித்தபோதுதான் இது உறைத்தது.

காதை நம்பலாமா? ஓரளவுக்குத்தான். நான் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறேன், பஸ் 80-ல் வருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 55, அதாவது நொடிக்கு 15 மீட்டர் நெருங்குகிறது. 60 மீட்டர் பின்னால் இருக்கும்போது கேட்டால் கையில் இருப்பது நான்கு நொடி. எதிர்க்காற்றில் அந்த 60 மீட்டரிலேயே கேட்கும் என்று சொல்ல முடியாது, கடற்கரைச் சாலையில் காற்று காதில் போடும் இரைச்சல் அப்படி. அந்த இரைச்சலில் பேச்சும் அமுங்குவதால் வால்யூமை ஏற்றுவோம், ஏற்றினால் திறந்த காது என்பதற்கே அர்த்தம் போய்விடும். நம் ஊர் ஹாரனையும் நம்ப முடியாது, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே வருவார்கள். மின்சார ஸ்கூட்டர்கள் மெதுவாக வந்தால் வெறும் காதுக்கே கேட்பதில்லை. ஆகவே திரும்பிப் பார்ப்பதற்கு மாற்றே கிடையாது, இந்தச் சாதனம் கை வைப்பது சரியாக அதில்தான்.

பின்னால் வருவதைப் பார்க்கச் சைக்கிளில் கண்ணாடி மாட்டிக்கொள் என்பார்கள். ஹேண்டில்பார் முனையில் மாட்டும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தாயிற்று, ரோடு கொஞ்சம் மோசமானாலும் அது நடுங்குகிற நடுக்கத்தில் வருவது லாரியா ஆட்டோவா என்றே தெரியாது.

சட்டம் பற்றியும் கேட்டார்கள். பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் சைக்கிளில் இயர்போன் போட்டால் 135 யூரோ அபராதம், கலிஃபோர்னியாவில் இரண்டு காதையும் மூடக்கூடாது, நெதர்லாந்தில் ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கத்தான் தடை. நம் மோட்டார் வாகனச் சட்டம் போன் பற்றிச் சொல்வது மோட்டார் வண்டி ஓட்டுபவருக்கு, மிதிவண்டி அந்தக் கணக்கில் வராது. போலீஸ் பிடிக்காது என்பதால் போடலாம் என்றால் அந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

ரிப்பேர் கதை சின்னது. காந்தத்தில் ஒட்டும் சார்ஜிங் பின், வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து பச்சை பூத்துவிட்டது. தண்ணீர் போகாது என்று பெட்டியில் அச்சிட்டு விற்கிறவர்கள் வியர்வைக்குப் பொறுப்பில்லை என்றார்கள். வாரக்கணக்கில் இழுத்தடித்து, காசும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இனி வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் சார்ஜ் போடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

சரி, வாங்கலாமா? ஊருக்குள் ஓட்டத்தான் என்றால் வேண்டாம். மத்திய கைலாஷ் சிக்னலிலும் வேளச்சேரி நெரிசலிலும் எந்த ஹெட்போனும் வேண்டாம், காதில் வைப்பதும் வேண்டாம், கன்னத்தில் வைப்பதும் வேண்டாம். சமையலறைக்கும் மாடியில் நடப்பதற்கும் தாராளமாக வாங்குங்கள். நான் மட்டும் இனி முட்டுக்காடு பாலம் தாண்டிய பிறகு, தனியாகப் போகிற நீண்ட ஓட்டங்களில், போட்டுக்கொண்டுதான் இருப்பேன். மாமல்லபுரம் தாண்டி வெயில் ஏறிய பிறகு பேச்சுத்துணைக்கு ஒரு குரல் இருப்பதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை, இவ்வளவு திட்டியும்.

வாங்குவதென்றே முடிவு செய்தவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். போட்டுக்கொண்டு இரண்டு காதையும் விரலால் அடையுங்கள். சத்தம் குறைந்தால் அது எலும்பு வழியே கேட்பது இல்லை, காதருகே வைத்த குட்டி ஸ்பீக்கர், மலிவு விலையில் அந்தப் பெயரில் நிறைய வருகிறது. நிஜமானது என்றால் அடைத்ததும் சத்தம் கூடும், தவில்கூட வரும். அப்புறம் ஹெல்மெட்டைக் கடைக்கே எடுத்துப்போய், இரண்டையும் மாட்டிக்கொண்டு, குனிந்து வலது தோளுக்கு மேல் நன்றாகத் திரும்பிப் பாருங்கள். பேண்ட் இடித்தால் சின்ன அளவு இருக்கிறதா என்று கேளுங்கள், சில கம்பெனிகள் தனியாக விற்கின்றன. அதுவும் இடித்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.