வால்வுக்கு எந்தக் கொழுப்பு மாத்திரை?

எக்கோ ரிப்போர்ட்டில் 'அயோர்டிக் ஸ்டெனோசிஸ்' என்று வந்ததும், "கொழுப்பு மாத்திரை போட்டால் கரையாதா?" என்று கேட்காதவர் குறைவு. இதயத்தின் பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்து, அதன் வாய் குறுகிப்போவதுதான் இந்த நோய். கேள்வியில் நியாயமும் உண்டு. இப்படிப் பழுதான வால்விலும் ரத்தக்குழாய் அடைப்பில் இருப்பதுபோலவே கொழுப்பும் அழற்சியும் இருக்கின்றன.

முதலில் அட்டோர்வாஸ்டாட்டின். 'ஸ்டாட்டின்' என்று முடியும் கொழுப்பு மாத்திரைகளில் ஒன்று. ஸ்காட்லாந்தில் நடந்து 2005-இல் வெளியான 'சால்டையர்' ஆய்வில் 155 பேர். பாதிப் பேருக்குத் தினம் 80 மி.கி. கொடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்களின் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 63-க்கு இறங்கியது, மற்றவர்களுக்கு 130. வால்வோ இரு பக்கமும் ஒரே வேகத்தில்தான் குறுகியது.

ரோசுவாஸ்டாட்டின் கதை கொஞ்சம் குழப்பம். 2007-இல் போர்ச்சுகலில் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 20 மி.கி. கொடுத்தால் நோயின் வேகம் குறைகிறது என்றது. ஆனால் அதில் எல்.டி.எல். கூடியவர்களுக்கு மட்டும் மருந்து, மற்றவர்களுக்கு இல்லை. ஆரம்பத்திலேயே இரண்டு விதமான ஆட்கள், அப்புறம் என்ன ஒப்பீடு? 2010-இல் கனடாவின் 'அஸ்ட்ரானமர்' ஆய்வு 269 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 40 மி.கி. அல்லது போலி மாத்திரை கொடுத்துப் பார்த்தது. வித்தியாசம் இல்லை. நான் நம்புவது இதைத்தான்.

இருப்பதிலேயே பெரியது 2008-இல் வந்த 'சீஸ்'. 1,873 பேர், சிம்வாஸ்டாட்டினும் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையும் சேர்த்து, நாலு வருடத்துக்கு மேல். வால்வு மாற்ற வேண்டி வந்தவர்கள் மருந்துப் பக்கம் 28.3 சதவீதம், போலிப் பக்கம் 29.9. பெயரளவு வித்தியாசம். ஆனால் மாரடைப்பு, பைபாஸ் போன்ற ரத்தக்குழாய்ப் பிரச்சினைகள் 20.1-லிருந்து 15.7 சதவீதமாக இறங்கின. அதாவது மாத்திரை வேலை செய்யாமல் இல்லை. குழாயில் செய்கிறது, வால்வில் செய்யவில்லை. மருந்துப் பக்கம் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்து கிளம்பிய பயத்தை, பின்னால் வந்த இன்னும் பெரிய ஆய்வு தணித்துவிட்டது.

ஏன் இப்படி? கொழுப்பு தீ மூட்டியிருக்கலாம். ஆனால் கால்சியம் படியத் தொடங்கிய பிறகு வால்வுச் செல்களே எலும்புச் செல்கள்போல நடந்துகொள்கின்றன. அந்தக் கட்டத்தில் கொழுப்பைக் குறைத்து என்ன பயன்? இன்னொரு சந்தேகநபர், ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் லிட்டில் ஏ என்ற துகள். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுதான் தீர்மானிக்கிறது. 2013-இல் வந்த மரபணு ஆய்வு இதை வால்வுக் கால்சியத்தோடு நேரடியாக முடிச்சுப் போட்டது. ஸ்டாட்டின் இதைக் குறைப்பதில்லை, சிலருக்கு லேசாக ஏற்றவும் செய்கிறது.

எல்.டி.எல்.-ஐக் குறைக்கும் எவோலோகுமாப் ஊசி இந்த லிட்டில் ஏ-வையும் சுமார் கால்வாசி குறைக்கும். அந்த ஊசியைச் சோதித்த 'ஃபூரியர்' ஆய்வில் இருந்த 27,564 பேரின் தகவலைப் பின்னர் அலசியபோது, ஊசி போட்டவர்களிடம் வால்வு நோய் குறைவாக வந்ததுபோலத் தெரிந்தது. ஆனால் மொத்தமே 63 பேருக்குத்தான் அது வந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பெலகார்சன் என்ற ஊசி லிட்டில் ஏ-வை 80 சதவீதம் வரைகூடக் குறைக்கிறது. வால்வைக் காப்பாற்றுமா என்பது தனிக் கேள்வி.

சரி, இப்போது எதை எடுப்பது? வால்வுக்காக மட்டும் என்றால் எதுவும் வேண்டாம். சர்க்கரைக்கோ இதயக்குழாய் அடைப்புக்கோ ஸ்டாட்டின் எழுதியிருந்தால், வால்வு சரியாகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். அது வேறு வேலைக்கு வந்த மாத்திரை. குறுகல் முற்றினால் அறுவை சிகிச்சை, அல்லது தொடை வழியாக வால்வு வைக்கும் டாவி. மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வுக்கு இந்த அலசல் பொருந்தாது. அங்கே பெனிசிலின் ஊசியைத் தவறவிடாமல் போடுவதுதான் முக்கியம்.