கர்ப்பப்பையை எடுப்பதா, ஹார்மோன் லூப் வைப்பதா?

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்திக்கு 44 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. மாதத்தில் சில நாள் அவர் கைப்பையில் மடித்த துண்டு ஒன்று இருக்கும். கம்பெனி வேனில் சீட்டு மேல் விரித்து உட்காரத்தான். "எட்டு ஒன்பது நாள் போகுதுடி, கட்டி கட்டியா விழுது" என்று என்னிடம் சொன்னபோது ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. முதலில் காட்டிய கிளினிக்கில் ஸ்கேன்கூட எடுக்கவில்லை. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு? எடுத்துடலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேலூர் சுற்றுவட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் குறைவு. எனக்கு அதில்தான் கோபம். மாதவிலக்கில் அளவுக்கு மீறி ரத்தம் போவதைப் பாட்டிமார் 'பெரும்பாடு' என்று ஒரே பெயரில் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பின்னால் பல காரணங்கள் உண்டு. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011இல் அவற்றை 9 வகையாகப் பிரித்தது. நார்க்கட்டி, பாலிப் என்னும் சதை வளர்ச்சி, கர்ப்பப்பையின் உள்படலம் அதன் சுவருக்குள் வளர்வது, புற்றுநோய், ரத்தம் சரியாக உறையாதது, கருமுட்டை ஒழுங்காக வெளிவராதது என்று போகிறது அந்தப் பட்டியல். எது என்று தெரியாமல் எதை ஒப்பிடுவது? ஸ்கேன், ஹீமோகுளோபின், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது, வயது 45ஐ நெருங்கினால் உள்படலத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி. இவை முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

மாத்திரைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடுவது. போக்கைப் பாதிக்குப் பக்கமாகக் குறைக்கும். முன்பு ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு ஆகாது. மெஃபெனாமிக் ஆசிட் வலிக்கும் சேர்த்துக் கேட்கும், ஆனால் ரத்தத்தை அந்த அளவுக்குக் குறைக்காது. ஹார்மோன் மாத்திரை நன்றாக நிறுத்தும்; விட்டால் பழையபடி வரும் என்பதுதான் சிக்கல். யோசித்து முடிவெடுக்கும் வரை சமாளிக்க இவை போதும்.

உண்மையான போட்டி அடுத்த இரண்டுக்கும்தான். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் என்றதும் சித்தி பதறிவிட்டார். "காப்பர் டி போட்டப்பவே எவ்ளோ போச்சு தெரியுமா?" அவர் சொன்னது சரி, காப்பர் டி ரத்தப்போக்கைக் கூட்டும். இது வேறு. பார்க்க அதே டி வடிவம், ஆனால் உள்ளே 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் இருக்கும். தினமும் துளித்துளியாகக் கசிந்து உள்படலத்தை மெலிதாக்கும். படலம் மெலிந்தால் உதிர என்ன இருக்கிறது? ரத்தப்போக்கு 70 முதல் 95 சதவீதம் வரை குறையும், 5 வருஷம் தாங்கும். குறையும் உண்டு: முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் இரண்டாம் மாதமே எடுக்கச் சொல்லி ஓடுகிறவர்கள் பலர். பெரிய கட்டி கர்ப்பப்பையின் உள்வடிவத்தையே மாற்றியிருந்தால் இது சரிப்படாது.

கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிலக்கு நின்றேவிடும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு வாரம் குடம் தூக்கக்கூடாது, தினக்கூலிக்குப் போகிறவருக்கு அத்தனை நாள் சம்பளமும் இல்லை. கூடவே சினைப்பையையும் எடுத்துவிட்டால் உடம்பு ஒரே நாளில் மாதவிடாய் நின்ற நிலைக்குப் போய்விடும்: திடீர்ச் சூடு, தூக்கமின்மை, எலும்புத் தேய்மானம். "சினைப்பையை விடுவீங்களா?" என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டே ஆகவேண்டும்.

பின்லாந்தில் 236 பெண்களை இந்த இரண்டுக்கும் பிரித்து 5 வருஷம் கவனித்தார்கள். வாழ்க்கைத் தரம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். லூப் பக்கம் இருந்தவர்களில் 42 சதவீதம் பேர் பின்னால் ஆபரேஷனுக்குப் போனார்கள். நான் இதைத் திருப்பிப் பார்க்கிறேன்: பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கத்தியே தேவைப்படவில்லை.

அதற்காக ஆபரேஷன் தப்பு என்று சொல்லவில்லை. காட்பாடியில் இருக்கும் அத்தைக்குப் பெரிய நார்க்கட்டி, எதற்கும் அடங்கவில்லை. எடுத்த பிறகுதான் நிம்மதியாக நடமாடுகிறார். புற்றுநோய் என்றால் பேச்சே வேறு. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்டுங்கள். மணிக்கு ஒரு பேட் நனைந்து தலை சுற்றினால் அன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ அருகில் எதுவோ, போய்விடுங்கள்.

சித்திக்கு ஸ்கேனில் கட்டி இல்லை, பயாப்ஸி சுத்தம். ஹீமோகுளோபின் 8தான். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டுக்கொண்டிருந்தார். டீ அதை உடம்பில் சேரவிடாது, அதை மாற்றினோம். லூப் வைத்து இது ஏழாம் மாதம். முதல் நாலு மாதம் என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். போன வாரம் அவர் கைப்பையில் சாவி தேடினேன். துண்டு இல்லை.